மோதிர விரலுக்குக் கீழே இரண்டு பட்டன்கள்

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்பு நிறத்தில் ஒரு கேமிங் மவுஸ். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டன், அடியில் நீல வெளிச்சம். கூடவே ஒரு கேள்வி. எக்கா, நான் வலங்கைக்காரி, இது இரண்டு கைக்கும் பொதுவானதாம், எக்ஸ்ரே எந்திரத்தை இயக்குகிற கன்சோல் அறைக்கு வாங்கிப் போடலாமா என்று.

‘வாங்கு’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டேன். பாதி மீன் கழுவுவதற்குள் மனசு கேட்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து ‘வாங்கு, ஆனால் நான் எழுதுவதைப் படித்துவிட்டு வாங்கு’ என்று இன்னொன்று அனுப்பினேன். ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டிவரும். அவள் ஒருத்திக்கு மட்டும் எழுதுவானேன் என்று, எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி நாகர்கோவிலுக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருந்தது. மலைப் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்டுகிறவர்களும், கடல் பக்கத்திலிருந்து வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்களும் எங்கள் பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம். எந்திரத்தை எப்படி இயக்குவது, எவ்வளவு கதிர் விடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. இது ஒரு மவுஸின் கதை.

கன்சோலில் இருந்த பழைய மவுஸின் சக்கரம் ஒரு நாள் செத்துப் போயிற்று. புதுசு வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதினால் அது எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். என்னோடு வேலை பார்த்த சஜின், வீட்டில் தான் விளையாடுகிற மவுஸைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். சஜினுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. ஆனாலும் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் கம்ப்யூட்டரில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். அவன் மனைவி என்னிடம் பலமுறை புகார் சொல்லியிருக்கிறாள். மவுஸ் நிறம் மாறி மாறி எரிந்தது. பள்ளித் திருநாளுக்கு மாதா கோயிலில் சீரியல் பல்பு போட்டது மாதிரி இருக்கிறதே, இதை வைத்தா நோயாளி படம் பார்ப்பது என்று கேலி செய்தேன். வெளிச்சத்தை அணைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று. நகர்த்தினால் வெண்ணெய் மாதிரிப் போகும். சொன்ன இடத்தில் நிற்கும்.

இந்த வகை மவுஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலங்கைக்காரர்களுக்கென்றே செய்த மவுஸில் இடப்பக்கம் பெருவிரல் வைக்க ஒரு பள்ளம் இருக்கும், பட்டன்களும் அங்கேதான் இருக்கும். வலப்பக்கம் மொட்டையாக இருக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் அங்கே சும்மா சாய்ந்துகொள்ளும். இரண்டு கைக்கும் பொதுவான மவுஸில் அந்தப் பள்ளம் கிடையாது. இரண்டு பக்கமும் பட்டன். நீங்கள் வலங்கைக்காரி என்றால் இடப்பக்கத்துப் பட்டன்கள் உங்கள் பெருவிரலுக்கு வேலை செய்யும். வலப்பக்கத்துப் பட்டன்கள் உங்களுக்கு உரியவை அல்ல. ஆனால் உங்கள் மோதிர விரல் நாள் முழுக்க அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் விளையாடுகிற பிள்ளைகள் வாங்கியவுடனே அந்த இரண்டையும் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யாதபடி மூடி வைத்துவிடுவார்கள். சஜினும் அப்படித்தான் மூடி வைத்திருந்தான்.

திறந்தது எனக்காக.

எனக்கு அப்போது வலது பெருவிரலின் அடியில் வலி. எக்ஸ்ரே கேசட் தூக்கியது, நோயாளியைத் தூக்கியது, வீட்டில் தேங்காய் திருவியது எல்லாம் சேர்ந்த வலி. மதியத்துக்குமேல் விரலை மடக்கவே முடியாது. எலும்பு டாக்டர் விரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். இதைக் கேட்ட சஜின், எக்கா, இது ரெண்டு கைக்கும் உள்ளதுதானே, மதியத்துக்குமேல இடக்கையில பிடியுங்க என்றான். வலங்கைக்காரி இடக்கையில் மவுஸ் பிடிப்பது முதலில் சிரிப்பாக இருந்தது. அம்பு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். பிறகு பழகிவிட்டது. இடக்கையில் பிடித்தால் வலப்பக்கத்துப் பட்டன்கள் என் பெருவிரலுக்குக் கீழே வரும். அவை வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அவன் அவற்றைத் திறந்து, ஒன்றுக்குப் படத்தைப் பெரிதாக்குகிற வேலையும் இன்னொன்றுக்குப் படத்தை இடவலமாகப் புரட்டுகிற வேலையும் கொடுத்தான்.

புரட்டுவது எதற்கு என்று வெளியாட்கள் கேட்பார்கள். நோயாளி படம் பதிகிற பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாரா, நெஞ்சைக் காட்டி நின்றாரா என்பதைப் பொறுத்து, சில படங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி வரும். நாம் அதைச் சரியான பக்கத்துக்குப் புரட்டி வைப்போம். தினமும் செய்கிற வேலை. அதை ஒரு விரல் அழுத்தலில் முடிப்பது எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் படம் எடுக்கும்போதே ஈயத்தில் செய்த ஓர் எழுத்தைப் பலகையில் ஒட்டுவோம். வலது பக்கத்துக்கு ஆர், இடது பக்கத்துக்கு எல். அது எலும்போடு சேர்ந்து படத்தில் விழும். படத்தைப் புரட்டினால் எழுத்தும் புரண்டு நிற்கும், யாருக்கும் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த எழுத்தை அதுவே மூலையில் போட்டுவிடுகிறது. நெஞ்சுப் படம் என்று தேர்ந்தெடுத்தால் போதும், மேலே ஆர் வந்து உட்கார்ந்துகொள்ளும். படம் புரண்டாலும் அது அசையாது. ஈய எழுத்துகள் மேசை டிராயரில் ரப்பர் பேண்டுகளோடு கிடந்தன.

அன்றைக்குக் காலை நேரம். ஓ.பி. கூட்டம் வராந்தா வரைக்கும் நின்றது. அருமனைப் பக்கத்திலிருந்து ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஒல்லியான, உயரமான ஆள், நாற்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் வெள்ளை நாமம். ரப்பர் பால் நிறைந்த வாளியைத் தூக்கும்போது நெஞ்சில் சுருக்கென்று ஒரு வலி, அதன் பிறகு மூச்சு விட முடியவில்லை. கூட வந்தது அவர் மனைவி மட்டும். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், நாகர்கோவில்காரி, சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவள் ஸ்டெத்தை வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுருங்கி நெஞ்சுக்குள் காற்று நிறைந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பினாள். நான் பக்கத்து அறையில் சி.டி. எடுத்துக்கொண்டிருந்தேன். சஜின்தான் அவருக்குப் படம் எடுத்தான். எடுத்து, கம்ப்யூட்டரில் சரிபார்த்து, கேஷுவாலிட்டிக்கு அனுப்பியும் விட்டான்.

நான் கன்சோல் அறைக்குள் நுழையும்போது போன் அடித்தது. சஜின் இடக்கையால் போனை எடுத்தான், வலக்கை மவுஸில் இருந்தது. டாக்டரின் குரல் எனக்கே கேட்டது. அந்த ஆள் திடீரென்று மோசமாகிவிட்டார், முகம் நீலமாகிறது, சர்ஜன் தியேட்டரில் இருக்கிறார், நான்தான் இப்போதே ஊசி குத்திக் காற்றை வெளியே எடுக்க வேண்டும், காற்று இருப்பது வலது பக்கம்தானே, உறுதியாகச் சொல்லுங்கள் என்றாள்.

சஜின் அந்தப் படத்தைத் திரையில் மறுபடியும் வரவழைத்தான். ஒரு பக்கம் நுரையீரல் சுருங்கி, அந்த இடம் முழுக்க வெறும் கறுப்பு. அதற்கு மேலே மூலையில் ஆர். அவன் “வலது…” என்று வாயைத் திறந்தான். மேசையில் எங்களுக்கு எப்போதும் இடம் போதாது. மவுஸ் ஓரத்தில் போய் முட்ட, அதைத் தூக்கி நடுவில் வைத்தான். நல்ல பயத்தில் இருந்தான், மவுஸை இறுக்கிப் பிடித்திருந்தான். என் கண் முன்னாலேயே படம் புரண்டது. கறுப்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிற்று. ஆர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சஜின் அதைப் பார்க்கவில்லை. அவன் கவனம் முழுக்கப் போனில் இருந்தது. நான் அவன் மோதிர விரலைப் பார்த்தேன். பட்டனின் மேல் வெளுத்துப்போய் அழுந்தியிருந்தது.

இப்போது புரண்டது என்றால், டாக்டருக்கு அனுப்புவதற்கு முன்பும் புரண்டிருக்கலாம். அப்படியானால் அவள் கையில் இருக்கிற படம் இடவலம் மாறியது. அல்லது அனுப்பியது சரியாக இருந்து, இப்போது மட்டும் புரண்டிருக்கலாம். எத்தனை முறை அழுத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

இதயத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று உங்களில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். இடது பக்கம் காற்று நிறைந்தால் அது இதயத்தை வலது பக்கம் தள்ளும். அந்தப் படத்தைப் புரட்டிப் பாருங்கள். காற்று வலது பக்கம், இதயம் இடது பக்கம், எல்லோருக்கும் இருக்கிற இடத்தில். தப்பான படம் பார்வைக்கு அத்தனை ஒழுங்காக இருக்கும். கீழே, எல்லோருக்கும் இடது பக்கம் இருக்கிற இரைப்பையின் காற்றைத் தேடினேன். அந்த ஆள் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனவர், ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருந்தால் வேறு ஏதாவது அடையாளம் கிடைத்திருக்கும். அந்தப் பொறுமைக்கு அங்கே நேரம் இல்லை. தப்பான பக்கத்தில் ஊசி இறங்கினால், அவர் எதை வைத்து மூச்சு விடுகிறாரோ அந்த நல்ல நுரையீரலும் போய்விடும்.

அந்த நேரத்தில் மனசு எப்படியெல்லாம் ஆசை காட்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பிய படத்தில் இருந்ததையே சொல்லிவிடு, கறுப்புக்கு மேலே ஆர் என்றுதான் இருந்தது, யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது என்று ஒரு குரல். இல்லை, புரண்டுவிட்டது, இடது என்று சொல்லிவிடு, பெரிய ஆளாகிவிடலாம் என்று இன்னொரு குரல். இரண்டும் குருட்டாம்போக்கு. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், எனக்குத் தெரியாது என்பது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் ஜனம் காது கொடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் படம் எடுத்தவள், எந்தப் பக்கம் என்று தெரியாது என்று எப்படிச் சொல்வது?

சஜின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

“டாக்டர், எங்க படத்துல பக்கம் சரியில்ல. இடதா வலதான்னு எங்களுக்குத் தெரியாது. அந்தப் படத்த விட்டிருங்க. உங்க காதுக்கு என்ன கேட்டுது?”

அவள் மெல்லச் சொன்னாள்.

“இடது பக்கம் காத்து போற சத்தமே கேக்கலக்கா. ஆனா படம் வலதுன்னு காட்டிச்சு. நான்தான் சரியா கேக்கலன்னு நெனச்சேன்.”

“இன்னொரு வாட்டி வச்சுக் கேளுங்க. கேட்டத நம்புங்க. நான் மிஷினோட வாறேன்.”

போனை வைத்துவிட்டு டிராயரைத் துழாவி ஈய எழுத்தையும் செலோடேப்பையும் எடுத்தேன். சஜின் என்ன நடந்தது என்று புரிந்தும் புரியாமலும் எழுந்து என் பின்னால் வந்தான். அவனைத் தடுத்தேன். ஏலே, நீ இங்கேயே நில்லு, அந்த மவுஸைத் தொடாதே, வேறு யாரையும் உள்ளே விடாதே என்றேன். திட்டுவதற்கு நேரம் இல்லாததால் திட்டவில்லை. பிறகு சாவகாசமாகத் திட்டிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன்.

நடமாடும் எக்ஸ்ரே எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதன் ஒரு சக்கரம் எப்போதும் சுவரைத்தான் தேடும். கேஷுவாலிட்டிக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த ஆளின் வலது நெஞ்சு. மருந்து தடவிச் செம்பழுப்பாக இருந்தது. சிஸ்டர் வலது பக்கத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் டாக்டர் கட்டிலைச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றிருந்தாள். ஸ்டெத் இன்னும் அவள் காதில் இருந்தது. அவள் ஊசியை இடது பக்கம் இறக்கினாள். சைக்கிள் டியூபில் வால்வைத் தளர்த்தினால் வருமே, அப்படி ஒரு சத்தம். காற்று வெளியே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் உதட்டில் நிறம் திரும்பிற்று.

நான் அவருடைய இடது தோளுக்கு மேலே பலகையில் எல் எழுத்தை ஒட்டி ஒரு படம் எடுத்தேன். எழுத்து எலும்போடு சேர்ந்து விழுந்தது. நுரையீரல் சுருங்கியிருந்தது அதே பக்கம்தான். அதற்குப் பிறகு சர்ஜன் வந்து இடது பக்கம் டியூப் போட்டார். டாக்டர் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ யாருக்கோ வாங்கி வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டேன். அந்த டீக்காரர் இன்றைக்கும் என்னைத் தேடிக்கொண்டிருப்பார்.

கன்சோல் அறைக்குத் திரும்பினால் சஜின் மவுஸைப் பிடுங்கி, தரையில் போட்டு மிதிக்கத் தயாராக நிற்கிறான். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. ஆள் பிழைத்துவிட்டார் என்று சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தள்ளி வைத்திருந்த திட்டு எனக்கு அப்போது வரவில்லை. மவுஸை வாங்கி மேசையில் வைத்தேன். இதை உடைத்துவிட்டால், எல்லாம் இதனால் வந்தது என்று சொல்லி நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம், நாளைக்கு வேறொரு மவுஸ் வரும் என்றேன். அந்தப் பட்டன் எனக்காகத் திறந்தது, அதையும் சேர்த்தே சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி சூப்பிரண்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கோபக்காரர். மேசையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து எங்கள் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸைத் தானே வலக்கையில் பிடித்துப் பார்த்தார். இடமில்லாமல் ஓரத்தில் முட்டியது. தூக்கி நடுவில் வைத்தார். படம் புரண்டது. இன்னொரு முறை செய்து பார்த்தார், அப்போதும் புரண்டது. யார் தப்பு என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. புரட்டுகிற வேலையை மவுஸிலிருந்தே எடுத்துவிட்டோம். அது இனிமேல் திரையில் போய், ஆமா, இல்லை என்று கேட்டுத்தான் நடக்கும். வலப்பக்கத்து இரண்டு பட்டன்களையும் மூடினோம். ஈய எழுத்து ஒட்டாத படம் எங்கள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஆனது. எனக்குப் பெருவிரலுக்கு ஒரு பட்டை மாட்டிக்கொடுத்து, மதியத்துக்குமேல் மவுஸ் வேலையை வேறொருவர் பார்க்க ஏற்பாடானது.

மவுஸ் அங்கேயேதான் இருந்தது. நான் ஓய்வு பெறுகிறவரை வலக்கையில் அதைத்தான் பிடித்தேன். நல்ல மவுஸ். அதனால்தான் வாங்கு என்று சொன்னேன். ஆனால் வாங்கியவுடன் வலப்பக்கத்துப் பட்டன்களை மூடிவிட்டு, மூடியது மூடியதுதானா என்று சோதித்துப் பார். சோதிக்கும்போது, டீ குடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து சோதிக்காதே. அப்போது விரல் பூ மாதிரி இருக்கும், ஒன்றும் ஆகாது. பயந்த கை எப்படிப் பிடிக்கும் என்று நினைத்து, இறுக்கிப் பிடித்து, தூக்கி வைத்து, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு சோதித்துப் பார். நம்முடைய வேலையில் எந்தப் பொருளையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். சஜினின் விரல் பல வாரம் அந்தப் பட்டன்மேல் சாதுவாக இருந்தது. அருமனைக்காரர் மூச்சு விட முடியாமல் கிடந்தபோதுதான் அது அழுந்தியது.

இவ்வளவோடு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இன்னும் வரவில்லை.

நடந்ததை அந்த ஆளின் வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே பேசினோம். யார் சொல்வது என்று மட்டும் யாரும் பேசவில்லை. அவர் தேறி வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் மறுபரிசோதனைப் படத்துக்காக வந்தார், நடந்தே வந்தார். மனைவி ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்திருந்தாள். அதைக் கன்சோல் மேசையில் வைத்து, நீங்க எடுத்த படந்தான் இவியளக் காப்பாத்திச்சு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அவ்வளவு தைரியமாக டாக்டரிடம் பேசியவள், பழத்தை வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

சஜின்தான் அவளிடம் வாய் திறந்தான்.

“இல்லக்கா. நான் எடுத்த படம் தப்பு. இடது பக்கம் உள்ளத வலதுன்னு காட்டிச்சு. டாக்டர் காதால கேட்டதுனாலதான் தப்பிச்சாரு. உங்ககிட்ட முன்னமே சொல்லியிருக்கணும்.”

அவள் கை என் கையிலிருந்து நழுவிற்று. புருஷனைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எந்தப் பக்கம்னு தெரியாமப் போச்சா? இவிய தோட்டத்துல இருந்தே இடப்பக்கத்தத்தான் அமத்திப் பிடிச்சுட்டு இருந்தாவ. ஆட்டோலயும் அந்தக் கைய எடுக்கேல்ல. உங்க ரூமுக்குள்ள ஏறினப்பளும் பிடிச்சுட்டுத்தான் ஏறினாவ. நான் வாசல்ல நின்னு பாத்தேன். இத்தன பேரு இருந்தியள, ஒருத்தரும் பாக்கேல்லியா?”

அந்த மனுஷர், எங்கே பிடித்திருந்தேன் என்று காட்டுவதுபோல வலது கையைக் கொண்டுபோய் இடது விலாவில் வைத்தார்.

சஜின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் நிறைந்துவிட்டது.

“பாத்தேன். நான்தான் அந்தக் கையப் பிடிச்சு மாத்தி வச்சேன். படத்துல மறைக்கும்னு.”

எனக்கும் அழுகை வந்தது. நான் எத்தனை ஆயிரம் கைகளை அப்படி விலக்கியிருப்பேன். நெஞ்சில் இருக்கிற கையை எடு, இடுப்பில் வை, அசையாதே. கை மறைத்தால் படம் கெட்டுப்போகும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் கை எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒரு தடவை நின்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பேச மூச்சில்லாத மனுஷர் தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டே எங்கள் அறைக்குள் வந்திருக்கிறார். நாங்கள் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, திரையில் பக்கம் தேடியிருக்கிறோம்.

அவள் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன், அப்படிச் செய்யவில்லை.

“செரி. சொல்லணும்னு தோணிச்சே, அது மதி, போதும். இனி ஆரு வந்தாலும் கைய எடுக்கியதுக்கு முன்ன ஒருவாட்டி பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்து வந்தது கடற்கரையிலிருந்து ஒரு அம்மாள். படியில் வழுக்கி விழுந்தவள், விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வந்தாள். சஜின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் முன்னால் போய் நின்று, இங்கேயா வலிக்கு என்று கேட்டான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஈய எழுத்தை எடுத்து அந்தப் பக்கத்தில் ஒட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பிடித்து, மெதுவாக விலக்கினான்.